திருத்தாமல் விட்ட முடிச்சு

பின்கட்டில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை ஆணியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கத்தரிக்கோலுடன் அவள் கூடத்துக்குள் நுழைந்ததுதான் தாமதம், அவளுடைய தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, வேண்டாம்க்கா! நான் ஒருத்தன் உயிரோட இருக்கேன்ல? நான் பார்த்துக்கிறேன் உன்னை!"

துக்கம் கேட்க வந்திருந்த நாலைந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி லாரிகளில் சுமை ஏற்றி அனுப்புகிறவன். அவன் பிடித்தால் பிடித்ததுதான். அவளுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது.

"விடுடா தடியா, வலிக்குது. இது வீட்டுப்பாடம்டா."

"என்னது?"

"வீட்டுப்பாடம். உங்க மாமாவோடது. ஆறு மணிக்குள்ள முடிச்சு அனுப்பணும்."

தம்பி விடவில்லை. பெரிய துக்கம் வந்தால் சிலருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில், "சரிக்கா, பண்ணலாம். எல்லாரும் சேர்ந்தே பண்ணலாம். முதல்ல கத்தரிக்கோலைக் கொடுத்துடு" என்றான்.

நல்லவேளையாக மகள் டேப்லெட்டும் கையுமாக வந்து, "மாமா, அம்மா சொல்றது நிஜம்தான். இங்க பாருங்க" என்று திரையைக் காட்டினாள். திரையில் ஒரு படம் இருந்தது. ஒரே கயிறு தன் மேலேயே ஏறி, தனக்கு அடியிலேயே நுழைந்து, போன வழியை மறந்தது போலத் திரும்பி வந்து, கடைசியில் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தான். பிறகு உள்ளறையைப் பார்த்தான். அங்கே கட்டிலில், கழுத்து வரை வெள்ளைப் போர்வையோடு மாமா, அவள் கணவர், படுத்திருந்தார்.

அவர் அன்று காலையில்தான் போயிருந்தார். எல்லோரும் எதிர்பார்த்த சாவு. மருத்துவர்கள் கைவிரித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அழ வேண்டியதில் பாதியை அவள் அந்த மாதங்களிலேயே தவணை முறையில் அழுது தீர்த்திருந்தாள். மீதி இன்னும் வந்து சேரவில்லை. நாளைக் காலையில் எடுப்பதாக ஏற்பாடு.

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் மீட்டர்காரர்தான். நாளெல்லாம் நடந்த கால் ஒரே நாளில் சும்மா இரு என்றால் இருக்குமா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து அவள் உயிரை வாங்கினார். உலகத்தின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடங்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று மகள் சொன்னாள். அதுதான் வினை. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு அவர் சேரவில்லை. யார் வேண்டுமானாலும் என்ற சொல்லைக் கேட்டுச் சேர்ந்தார்.

சேர்ந்தார் என்றால் எதில்தான் சேரவில்லை? வானியலில் சேர்ந்தார். குற்றவியல் சட்டத்தில் சேர்ந்தார். தேனீக்கள், எரிமலைகள், பழங்கால நாணயங்கள், மேற்கத்திய இசை, குழந்தை வளர்ப்பு. பெற்ற ஒரே மகளுக்கு அப்போது முப்பது வயது. எல்லாவற்றிலும் முதல் வாரப் பாடத்தை விழுந்து விழுந்து படிப்பார். இரண்டாவது வாரம் தொடங்குவதற்குள் வேறொரு பாடம் கண்ணில் பட்டுவிடும். விருந்தாளி யாராவது தேனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ராணித் தேனீயில் தொடங்கிப் பொளந்துகட்டுவார். விருந்தாளி மெய்மறந்து ஏதாவது கேள்வி கேட்டால் மட்டும், "அது ரெண்டாவது வாரத்துல வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவள் தெருமுனையில் பெண்களுக்கான அழகுநிலையம் வைத்திருந்தாள். அவருக்கு 'முதல் வாரம்' என்று பெயர் வைத்தது அவள்தான். "எங்க முதல் வாரம் இன்னிக்கு எரிமலையில இருக்கார்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கேலி செய்தாளே தவிர, அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, யாரோ ஒரு பேராசிரியர் சொல்வதற்கெல்லாம் திரையைப் பார்த்துத் தலையாட்டுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் அவள் சொல்வதற்கு அப்படித் தலையாட்டியதில்லை என்ற குறை தனி.

நோய் வந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் முடிச்சுகள் வந்தன. முடிச்சுகளைப் பற்றிய கணிதம். இப்படி ஒரு கணிதம் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது. கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். இனி அதை வெட்டாமல் அவிழ்த்து வெறும் வளையமாக்க முடியுமா, முடியாதா? இதுதான் பாடம். இதற்கு ஒரு பல்கலைக்கழகம், ஒரு பேராசிரியர், உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள்.

"வேலையத்தவன் பூனையைச் சிரைச்ச கதையா இருக்கு" என்று அவர் காலைப் பிடித்துவிட்டபடி சொன்னாள் அவள்.

அவர் நெஞ்சின் மேல் ஒரு ஷூ லேஸை வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருந்தார். "சில சிக்கல் இருக்கு பாரு மேடம், பார்க்க பயங்கரமா இருக்கும். ஆனா முடிச்சே கிடையாது. முடிச்சு மாதிரி நடிக்கும். பொறுமையா தள்ளிட்டே வந்தா கழண்டுக்கும்."

"கழலலைன்னா?"

"கழலலைன்னா அது கழலாதுன்னு ஆயிடாது. நமக்கு வழி தெரியலை, அவ்வளவுதான். கழலவே கழலாதுன்னு சொல்லணும்னா அதுக்குத் தனியா நிரூபணம் வேணும்."

"அப்போ உங்க அக்காவும் முடிச்சு இல்லை, எனக்குத்தான் வழி தெரியலைன்னு சொல்லுங்க."

சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் அவர் சிரித்தார். இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

அந்தப் படிப்பில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாவது வாரத்துக்குப் போனார். மூன்றாவதுக்கும் போனார். ஓடிப்போக வேறு இடம் இல்லாததாலோ, கயிறு கைக்கு அடக்கமாக இருந்ததாலோ, கடைசி வாரம் வரைக்கும் வந்துவிட்டார். அவள் ஷூ லேஸ்களாக வாங்கி வந்து கொடுத்தாள். கடை மூடிவிட்டு வந்து அவரோடு உட்கார்ந்து தானும் தள்ளிப் பார்த்தாள். ஒரு சிக்கலை அவருக்கு முன்னால் அவள் கழற்றிவிட்டால் இரண்டு நாள் அதையே சொல்லிக்காட்டுவாள்.

கடைசிப் பாடத்துக்கு ஒரு விதி இருந்தது. பேராசிரியர் ஆயிரம் பேருக்கு மார்க் போட முடியுமா? ஆகவே மாணவர்களே ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தானாக ஒரு சிக்கலை உருவாக்கி, அது கழலும் என்றோ கழலாது என்றோ சொல்லி, வழியும் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு, கணினி அனுப்பிவைக்கிற மூன்று சக மாணவர்களின் பாடத்தைத் திருத்த வேண்டும். மூன்றையும் திருத்தினால்தான் தன் மார்க் கண்ணுக்குத் தெரியும். கெடு தாண்டினால் கதவு சாத்தப்படும்.

அவர் தன் பாடத்தை அனுப்பியிருந்தார். இரண்டு பேருடையதைத் திருத்தியும் இருந்தார். காலையில் அவள் காபியை நீட்டியபோது, "மூணாவது ஆளோடது அப்படியே கிடக்கு. பாவம், காத்துட்டிருப்பான்" என்றார்.

"பார்க்கலாம். முதல்ல இதைக் குடிங்க."

"ஆறட்டும்" என்றார். அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

இப்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "அம்மா, இவ்வளவு பாடு எதுக்கு?" என்றாள் மகள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நாளில் எத்தனையோ கோப்புகளை நகர்த்திப் பழகிய கை. "முழு மார்க்கைப் போட்டு அனுப்பிட்டா முடிஞ்சுது. அந்த ஆளும் சந்தோஷப்படுவான். அப்பா பாஸான்னும் உடனே தெரிஞ்சுடும்."

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறெதுவும் அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் முதல் வாரத்திலேயே இறங்கிவிட்ட மனுஷன் ஒரே ஒரு படிப்பையாவது முடித்தாரா, இல்லையா? விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். விரல் திரைக்குப் பக்கம் வரைக்கும் போகவும் செய்தது.

ஆனால் அவரோடு வேலை பார்த்தவர்கள் பூட்டிய வீடுகளுக்குக் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியபோது, அவர் மட்டும் சாயங்காலம் திரும்பிப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அந்தக் கோபத்திலேயே அவள் எத்தனையோ நாள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

விரலை இழுத்துக்கொண்டாள். "பூட்டின வீட்டுக்கு ரீடிங் போடச் சொல்றியா?" என்றாள்.

மகள் அப்பாவின் பேச்சை எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வாள். டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

நாற்காலிகளைத் தள்ளி, தரையில் கயிற்றை விரித்தார்கள். மகள் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தம்பி மண்டியிட்டு அடுக்கினான். "இங்க மேல. அடுத்தது அடியில. மறுபடி அடியில. மாமா, அடியிலன்னு சொன்னேன்!" எல்லாம் சரியாக வந்து, நுனிகளைச் சேர்க்கிற நேரத்தில், தம்பியின் கை பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்தது. சுமை சரியாமல் இருக்க லாரிக்காரர்கள் இழுக்கிற இழு. படத்தில் பூவாக விரிந்திருந்தது தரையில் பாக்கு மாதிரி சுருண்டுபோனது.

"என்னடா பண்ணினே?"

"கயிறுன்னா இறுக்கணும்லக்கா" என்றான் அவன் பரிதாபமாக.

அதைத் தளர்த்தி நுனிகளை ஒட்டுவதற்கே கால் மணி நேரம் போனது. அப்போதுதான் அவருடைய அக்கா, மருத்துவமனையில் அறுவை அரங்கில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், மாடியில் கண் அசந்துவிட்டு இறங்கி வந்தாள். தரையில் கயிறு, அதைச் சுற்றி மண்டியிட்டிருக்கும் உறவினர்கள். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"என் தம்பி உள்ள கிடக்கான். நீங்க இங்க உக்காந்து கயிறு இழுத்து விளையாடறீங்களா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"அண்ணி, இது விளையாட்டு இல்லை. அவரோட கடைசிப் பாடம். இதை முடிச்சாத்தான் அவர் பாஸா ஃபெயிலான்னு தெரியும்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். செத்துப்போன தன் தம்பியின் பள்ளிக்கூட மார்க் அட்டைகளில் அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். கயிற்றையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, நுனிகள் சேர்ந்த இடத்தைச் சோதித்தாள்.

"இதை எதால ஒட்டினீங்க? காகித டேப்பா? நாலு தடவை இழுத்தா பிரிஞ்சுடும். அந்த மருந்துத் தட்டுல துணி பிளாஸ்திரி இருக்கும், எடுத்துட்டு வா" என்று மகளை விரட்டிவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

திருத்த வேண்டிய பாடம் இதுதான்: இந்தச் சிக்கல் முடிச்சே இல்லை, கழன்று வெறும் வளையமாகிவிடும் என்று அந்தச் சக மாணவர் எழுதியிருந்தார். எந்த நாட்டில் இருக்கிறாரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. வழியை வரிசையாக எழுதியிருந்தார். டேப்லெட் அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. அந்தத் தமிழில் கயிறு 'தயவுசெய்து தனது முதுகைக் கடந்து' சென்றது. என்றாலும் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் புரிந்தது. மகள் படித்தாள், அவள் தள்ளினாள், நாத்தனார் விரல் போட்டுப் பிடித்துக்கொண்டாள். முதல் படி வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. அடுத்த படியில், இடது பக்கக் கண்ணியை நேராக வெளியே இழுக்கலாம் என்று எழுதியிருந்தது. இழுத்தார்கள். வரவில்லை. குறுக்கே இன்னொரு இழை உட்கார்ந்திருந்தது.

முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

அவள் தன் தொழில் புத்தியைக் காட்டிப் பார்த்தாள். தலைமுடியில் சிக்கெடுக்கும்போது வேரிலிருந்து வாரக் கூடாது, நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எப்பேர்ப்பட்ட சிக்கும் அதற்கு வழிவிடும். இதில் நுனியைத் தேடிக் கை கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, பிளாஸ்திரியில் முட்டி நின்றது.

"இதுக்கு நுனியே இல்லையேடி" என்றாள் மகளிடம்.

"வெட்டி எடுத்துட்டு மறுபடி தைச்சா என்ன?" என்றாள் நாத்தனார்.

"அது கூடாது அத்தை. அதான் விதியே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுத் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்றவர். ஒரு மீட்டர் கணக்குத் தகராறில் மீட்டர்காரரோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்து, நோய் வந்த பிறகு தினமும் வந்து செய்தித்தாள் படித்துக் காட்டியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதலைச் சொல்ல வாயெடுத்தார்.

"சார், நல்லவேளை வந்தீங்க. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று அவள் ஒரு கண்ணியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பிடித்துக்கொண்டார். என்ன, ஏன் என்று கேட்பதற்குள் தம்பி இன்னொரு கண்ணியை அவர் மற்ற கையில் மாட்டிவிட்டான். விஷயத்தை மகள் விளக்கினாள். தலைமை ஆசிரியர் கைகளை ஏந்தியபடி கவனமாகக் கேட்டார்.

"அது சரிம்மா, அவர் திருத்த வேண்டியதை நாம திருத்தினா காப்பி அடிச்ச மாதிரி ஆகாதா?"

"அவர் பாடத்தை அவரே எழுதி அனுப்பியாச்சு சார். இது இன்னொருத்தரோட பாடம். அந்த ஆள் காத்துட்டிருக்கார்" என்றாள் அவள்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்படின்னா சரி. இந்தக் கையை எவ்வளவு நேரம் இப்படி வெச்சிருக்கணும்?"

ஐந்தரை ஆயிற்று. "அம்மா, விட்டுடலாம்மா. இது கழலாது. வழி தப்புன்னு போட்டு அனுப்பிடலாம்" என்றாள் மகள். அவள் குரலில் களைப்பு தெரிந்தது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"நமக்குக் கழலலைன்னா கழலாதுன்னு ஆயிடுமாடி? அப்பா என்ன சொல்லுவார்?"

"அப்பா சொல்லுவார், அது ரெண்டாவது வாரத்துல வரும்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மகளுக்கு உறைத்தது. முகம் கோணியது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் நாத்தனார் முந்திக்கொண்டு குபுக்கென்று சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்ததற்காகத் தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டு, அந்த அடிக்கும் சேர்த்து இன்னும் சிரித்தாள். தம்பி சிரித்தான். தலைமை ஆசிரியர் கைகளில் கயிறு இருந்ததால் வாயைப் பொத்த வழியில்லாமல், உடம்பு குலுங்கச் சிரித்தார். அவர் குலுங்கியதில் வலது கையிலிருந்த பெரிய கண்ணி நழுவியது. அதைப் பிடிக்கப்போன தம்பி அவசரத்தில் அதைத் தூக்கி மொத்தச் சிக்கலின் மேலே போட்டுவிட்டான்.

"போச்சு! இருந்ததையும் கெடுத்தான்!" என்றாள் நாத்தனார்.

உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்தது. முன்பைவிட ஒரு பங்கு கூடுதல் சிக்கல். தம்பி அதை எடுக்கக் குனிந்தான்.

"தொடாதே" என்றாள் அவள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே உட்கார்ந்திருந்த அந்த இழை, கண்ணி மேலே போனதும் தளர்ந்திருந்தது. அதை ஒரு விரலால் தள்ளினாள். நகர்ந்தது. கண்ணியை இன்னும் கொஞ்சம், மொத்தத்தையும் தாண்டி மறுபக்கம் வரைக்கும் கொண்டுபோனாள். சிக்கல் இன்னும் கூடியது. "அக்கா, நீ இன்னும் சிக்க வைக்கிறே" என்றான் தம்பி. "சும்மா இரு" என்றாள். இப்போது இடது பக்கக் கண்ணியைப் பிடித்து, சக மாணவர் சொன்னபடியே, நேராக வெளியே இழுத்தாள்.

வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிந்து, நழுவி, எல்லாம் விட்டுவிட்டு, தரையில் ஒரு வெறும் வளையம் கிடந்தது. ஓரத்தில் துணி பிளாஸ்திரி. வாசலில் புதிதாக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர், உள்ளே கைதட்டல் கேட்டு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தார்கள்.

"அப்போ அந்த ஆள் சொன்னது சரி" என்றான் தம்பி.

"முடிவு சரி. வழியில ஒரு படியை முழுங்கிட்டான். கையில செஞ்சிருப்பான், எழுத மறந்திருப்பான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "முடிவுக்கு முழு மார்க் போடு. வழிக்குப் பாதி போடு."

"பாதிதானா? பாவம்க்கா" என்றான் தம்பி.

"மீட்டர்ல இருக்கிறதைத்தான் எழுதணும்."

கருத்து எழுதக் கீழே ஒரு கட்டம் இருந்தது. அவள் சொல்ல மகள் தட்டினாள். 'மூணாவது படிக்கு அப்புறம், வலது பக்கக் கண்ணியைத் தூக்கி எல்லாத்துக்கும் மேல போட்டு மறுபக்கம் கொண்டு போகணும். அப்போ சிக்கல் கூடும். பயப்பட வேண்டாம். அதுக்கப்புறம் தானா கழண்டுக்கும். கயித்துல போட்டுப் பார்த்தோம்.'

"பார்த்தேன்னு எழுதணும்மா. அப்பா ஒருத்தர்தானே திருத்தணும்."

"பார்த்தோம்னே இருக்கட்டும்."

"அவர் போயிட்டார்னு ஒரு வரி எழுத வேண்டாமா?" என்றார் தலைமை ஆசிரியர்.

நாத்தனார் தலையை ஆட்டினாள். "வேண்டாம் சார். பாதி மார்க் வாங்கின துக்கமே போதும் அந்தப் புள்ளைக்கு."

மகள் அனுப்பினாள். ஆறு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபெயில் என்று வந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் அவள் யோசித்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம், இத்தனை வருஷம் ஃபெயிலோடு குடும்பம் நடத்தவில்லையா என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை தன்னாலே நாத்தனாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

வட்டம் நின்றது. திரையின் மேலிருந்து வண்ண வண்ணக் காகிதத் துண்டுகள் உதிர ஆரம்பித்தன.

"பாஸ்!" என்று கத்தினாள் மகள். "எழுபத்தொண்ணு! எழுபது எடுத்தா பாஸ், அப்பா எழுபத்தொண்ணு!"

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். நூலிழையில தப்பிச்சு வருவான்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் அழத் தொடங்கினாள். தம்பி அவளை அணைத்துக்கொண்டான். தலைமை ஆசிரியர் கையைத் தட்டினார். வாசலில் நின்ற இரண்டு பேரும், விவரம் தெரியாமலே, நல்ல செய்தி என்று மட்டும் புரிந்துகொண்டு தட்டினார்கள்.

மார்க்குக்குக் கீழே அவர் பாடத்தைத் திருத்திய மூன்று பேரும் எழுதிய கருத்துகள் இருந்தன. முதல் ஆள் 'நன்று' என்று எழுதியிருந்தார். இரண்டாவது ஆள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவதை மகள் சத்தமாகப் படித்தாள்.

'உங்கள் படம் மிகவும் மோசம். எது மேலே எது கீழே என்றே தெரியவில்லை. முதலில் பூஜ்யம் போட நினைத்தேன். பிறகு என் குளியல் அங்கியின் நாடாவை எடுத்துப் பலமுறை செய்து பார்த்தேன். நேற்று வரவில்லை. இன்று வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி.'

அவள் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். மகள் படித்தாள். எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர், இரண்டு நாள், குளியல் அங்கியின் நாடாவோடு. அந்த வீட்டிலும் யாராவது வேலையற்ற வேலை என்று கேலி செய்திருப்பார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

டேப்லெட்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பின்னால் கூடத்தில் தம்பி, புதிதாக வந்தவர்களுக்கு முடிச்சென்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்திருந்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, திரையை அவர் முகத்துக்கு நேராக, அவருக்கு வசதியான தூரத்தில் பிடித்தாள். காகிதத் துண்டுகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டு அதை மடியில் இறக்கினாள். ஜன்னல் விளிம்பில் மடித்து வைத்திருந்த அவருடைய கண்ணாடியை எடுத்தாள். ஊதி, உடுப்பின் ஓரத்தால் இரண்டு பக்கமும் துடைத்தாள். அவருடைய இரண்டு காதுகளிலும் மெதுவாக மாட்டிவிட்டு, மறுபடியும் திரையைத் தூக்கிப் பிடித்தாள்.